முன்னறிவும் முன்வினாவும்: டாரில் பெம்மின் ஆய்வுரை பற்றிய ஒரு திறனாய்வு

வருவதை முன்னரே அறிந்துகொள்ள விழைதல் மக்கட்கு இயல்பாயமைந்த ஒரு வேட்கை. பல்லி சொல்லுக்குப் பலன் காண்பதும், புறப்படுங்கால் எதிர்ப்படுவாரைக் கொண்டு நன்மை தீமை கருதுவதும், புள்நிமித்தம் பார்ப்பதும் அவ்வேட்கையின் வழிப் பிறந்தனவே. நாகரிகம் முதிர்ந்த நாடுகளிலும் இது குன்றிற்றில்லை. அங்கு அது பரிசோதனைச்சாலையுட் புகுந்து, எண்ணும் கணக்கும் பூண்டு, ஆராய்ச்சி என்னும் பெயரோடு வெளிவந்துள்ளது. அவ்வாறு வெளிவந்தவற்றுள் பெரிதும் பேசப்பட்டது, அமெரிக்க நாட்டுக் கோர்ணெல் பல்கலைக்கழக உளவியற் பேராசிரியர் டாரில் பெம் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையாகும். 'எதிர்காலத்தை உணர்தல்' என்பது அதன் தலைப்பின் முற்பகுதி. அவ்வுரை கூறுவது யாது, அது கூறியவாற்றால் நிறுவப்பட்டது யாது, நிறுவப்படாதது யாது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். முன்னறிதல் இருவகைப்படும். கார்முகில் திரண்டமை கண்டு மழை வருமென்பதும், ஞாயிறு திங்கள் ஆகியவற்றின் செலவைக் கணித்துக் கிரகணம் இன்ன நாளில் நிகழுமென்பதும் ஒருவகை. இவை ஏதுவைக் கொண்டு பயனை அறிதலாகிய கருதலளவையின்பாற்படும். இவற்றில் வியப்பொன்றுமில்லை. மற்றையது, ஏதுவொன்றும் அறிவார்க்குப் புலனாகாதவிடத்து வருவதை அறிதல். சுண்டப்படாத காசு தலை விழுமோ பூ விழுமோ என்பதை முன்னரே உணர்தல் இவ்வகையது. இதனையே பெம் ஆராயப் புகுந்தார். இரண்டையும் வேறு பிரித்தறியாது, முன்னறிவு உண்டென்பாரும் இல்லையென்பாரும் வாதிடுதல் பயனற்றது.

மற்றுமொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. பழங்காலத்து முன்னறிவு தனியொருவரது ஆற்றலாகவே கருதப்பட்டது. முனிவரோ குறிசொல்வாரோ ஒருவர் கூறினார். அது பலித்தது அல்லது பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வினா உருமாறியது. ஒருவர் ஒருமுறை சரியாகக் கூறுதல் தற்செயலாகலாம். ஆதலின் பலரைக் கூட்டிப் பலமுறை ஊகிக்கச்செய்து, சரியான ஊகங்களின் தொகை தற்செயலால் வரத்தக்க தொகையினும் மிகுகின்றதா எனக் கணக்கிடுவதே புதியமுறை. இம்முறையில் இன்னார் முன்னறிந்தார் என்று ஒருவரையும் சுட்டிக்காட்டல் இயலாது. முன்னறிந்தது கூட்டமே, அக்கூட்டத்தின் அறிவும் கணக்கேட்டின் அடியில் எழுதப்பட்ட ஒரு கூட்டுத்தொகையே. ஆகவே, அக்கணக்கு எவ்வாறு எழுதப்பட்டது என்னும் வினாவே தலையாய வினாவாகின்றது.

கூட்டத்துக்குத் தனியொருவரினும் மிகுந்த அறிவு உண்டென்பது வெறும் கற்பனையன்று. பிரான்சிஸ் கால்ற்றன் என்னும் ஆங்கில அறிஞர் 1907இல் வெளியிட்ட சிறு கட்டுரையொன்று இதற்குச் சான்று. பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியொன்றில், கொழுத்த எருதொன்றை வெட்டித் துப்புரவாக்கியபின் அதன் நிறை எத்துணையாகும் என ஊகிக்கும் போட்டி நடந்தது. எழுதப்பட்ட சீட்டுகளில் 787ஐக் கால்ற்றன் ஆராய்ந்தார். ஊகங்களை ஏறுவரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை எடுத்தபோது அது 1,207 இறாத்தலாயிருந்தது. உண்மை நிறையோ 1,198 இறாத்தல். கூட்டத்தின் நடு ஊகம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைந்த பிழையோடு உண்மையை அணுகியது.

இது நிகழ்ந்தவாறு யாங்ஙனம்? எருது கண்முன் நின்றது. இறைச்சி விற்போரும் கமக்காரரும் அதனைப் பார்த்தனர். ஒவ்வொருவரிடமும் உண்மையின் ஒரு கூறு இருந்தது. ஒவ்வொருவரிடமும் ஒரு பிழையும் இருந்தது. மிகையாக ஊகித்தோர் பிழையும் குறைவாக ஊகித்தோர் பிழையும் ஒன்றையொன்று நீக்க, உண்மையின் கூறு எஞ்சியது. ஆயின், இனிமேற் சுண்டப்படவுள்ள காசைப் பற்றி எவரிடத்தும் உண்மையின் கூறு யாதும் இல்லையெனின், ஆயிரம் பேரைக் கூட்டினும் பதினாயிரம் பேரைக் கூட்டினும் எஞ்சுவது ஒன்றுமில்லை. சுழியத்தை எத்துணை முறை கூட்டினும் சுழியமே. எனவே கூட்டத்தின் ஊகம் தற்செயலை வெல்லுமாயின், அக்கூட்டத்தார் சிலரிடத்தேனும் வருவதைப் பற்றிய அறிவின் துளி இருத்தல் வேண்டும். அன்றேல் கணக்கிற் குறை இருத்தல் வேண்டும். மூன்றாவது வழியில்லை.

கணக்கிற் குறை எளிதிற் புகும் என்பதற்கு 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பெரும் பரிசோதனை சான்றாகும். டியூக் பல்கலைக்கழகத்தில் றைன் என்பார் ஐவகைக் குறிகள் பொறித்த 25 சீட்டுகளைக் கொண்டு புலன்கடந்த அறிவை ஆராய்ந்து, 1934இல் நூலொன்றை வெளியிட்டிருந்தார். அந்நூல் எழுப்பிய ஆர்வத்தினால், செனித் வானொலிக் கம்பனியார் நாடளாவிய ஒலிபரப்பொன்றை ஒழுங்குசெய்தனர். நிலையத்திலிருந்தோர் சிலர், பெரும்பாலும் இரண்டிலொன்றாகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஐந்து குறிகளின் வரிசையைச் சிந்தித்திருப்பர். வீடுகளிலிருந்த நேயர்கள் அவ்வரிசையை ஊகித்து எழுதியனுப்புவர். வந்துசேர்ந்த ஊகங்கள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டன. சில நாள்களில் அவை இலக்கோடு வியக்கத்தக்கவாறு ஒத்தன.

குட்பெலோ என்னும் உளவியலார் 1938இல் இதன் மறைபொருளை வெளிப்படுத்தினார். மக்கள் ஊகிக்கும்போது தம்மையறியாமலே சில வரிசைகளை விரும்புகின்றனர், சிலவற்றை ஒதுக்குகின்றனர். ஐந்தும் ஒரே குறியாக வருதலும், ஒன்றுவிட்டொன்று ஒழுங்காக மாறிவருதலும் தற்செயலாகத் தோன்றா எனக் கருதி அவற்றை எழுதார். தற்செயல்போலத் தோன்றும் கலப்பு வரிசைகளையே எழுதுவர். அன்றைய இலக்கு மக்கள் விரும்பும் வரிசையாக அமைந்துவிடின் ஊகங்கள் பெருவாரியாக ஒக்கும். அமையாவிடின் பெருவாரியாகப் பிழைக்கும். நாடு முழுவதும் எண்ணத்தை உணர்ந்ததுபோலத் தோன்றியது, நாடு முழுவதும் ஒரே பழக்கமுடையதாயிருந்தமையின் விளைவேயாம். அஃதன்றியும், ஊகங்கள் இலட்சக்கணக்கினவாயினும் அவை குறிவைத்த இலக்கு அன்றைக்கு ஒன்றே. இலட்சம் பேர் ஒரே பனையை நோக்கிக் கல்லெறிந்தால் அது இலட்சம் பரிசோதனையாகாது. இப்பரிசோதனை எதிர்காலம் பற்றியதன்று. பிறர் எண்ணம் பற்றியது. எனினும் கூட்டத்தைக் கொண்டு ஆராயும் எவர்க்கும் இது நல்லதொரு படிப்பினை.

பெம் இப்படிப்பினையை நன்கறிந்தவர் என்பது அவரது பரிசோதனைகளின் அமைப்பினால் விளங்கும். முதலாம் பரிசோதனையில் மாணவர் 100 பேர் பங்குகொண்டனர். ஆடவர் ஐம்பதின்மர், பெண்டிர் ஐம்பதின்மர். கணினித் திரையில் இரு திரைச்சீலைகள் தோன்றும். ஒன்றன்பின் ஒரு படம் உண்டு, மற்றையதன்பின் வெறுஞ்சுவர். மாணவர் ஒன்றைத் தெரிந்தெடுத்ததன் பின்னரே, படம் எப்பக்கத்தில் அமையவேண்டும் என்பதை எந்திரம் எழுமாறாகத் தீர்மானிக்கும். ஒவ்வொரு மாணவரும் 36 முறை இவ்வாறு தெரிந்தனர். ஒவ்வொரு முறைக்கும் இலக்குத் தனித்தனியே அமைந்தமையால், வானொலிப் பரிசோதனையின் குறை இங்கு இல்லை. தற்செயலெனின் பாதி சரியாகும். சாதாரணப் படங்களில் நூற்றுக்கு 49.8 சரியாயிற்று, அஃதாவது தற்செயலே. ஆயின் சிற்றின்பக் காட்சிகள் அமைந்தவிடத்து நூற்றுக்கு 53.1 சரியாயிற்று என்பது பெம்மின் கூற்று.

ஆய்வுரையில் இத்தகைய பரிசோதனைகள் ஒன்பது. பங்குகொண்டோர் ஆயிரவர்க்கு மேற்பட்டோர். ஒன்பதில் எட்டு, உளவியலார் ஏற்றுக்கொள்ளும் அளவுகோலின்படி வெற்றி எனப்பட்டன. இவற்றுள் மாணவர் உலகம் பெரிதும் விரும்பத்தக்கது ஒன்பதாவது பரிசோதனை. 48 சொற்களைக் காட்டி மறைத்து, நினைவிலுள்ளவற்றை எழுதச்செய்தனர். எழுதி முடிந்தபின், எந்திரம் எழுமாறாகத் தெரிந்த 24 சொற்களை மட்டும் பயிலச்செய்தனர். பின்னர்ப் பயின்ற சொற்களே முன்னர் எழுதியவற்றுள் மிகுந்திருந்தனவாம். பரீட்சை முடிந்தபின் படிப்பதும் பரீட்சைக்கு உதவும் என்பதே இதன் பொருள்!

இவ்வுரையின் சிறப்புகளை முதலில் ஒப்புக்கொள்ளல் முறைமை. பெம் உளவியல் உலகில் நற்பெயர் பெற்றவர். மக்கள் தம் ஒழுகலாற்றைத் தாமே நோக்கித் தம் மனப்பாங்கை உய்த்துணர்கின்றனர் என்னும் கொள்கையால் அறியப்பட்டவர். அவரது நடை தெளிவானது. தாம் கையாண்ட முறைகளை மறைக்காது விரித்துரைத்தார். பிறரும் பரிசோதித்துப் பார்க்குமாறு அழைத்து அதற்கு வேண்டிய சாதனங்களையும் வழங்கினார். மந்திரவாதி தன் வித்தையை மறைப்பான். அறிஞன் திறந்து காட்டுவான். பெம் இரண்டாமவரைச் சார்ந்தவர். அவ்வுரையை வெளியிட்டதும் அமெரிக்க உளவியற் கழகத்தின் மதிப்புமிக்க சஞ்சிகையே. அச்சஞ்சிகையில் வெளிவரும் ஏனைய ஆய்வுரைகள் கையாளும் முறைகளையே பெம்மும் கையாண்டார். இச்சிறப்பே பின்னர் உளவியலுக்குப் பெருஞ்சங்கடமாக முடிந்தது.

இனிக் குறைகளை நோக்குவாம். முதலாவதாக, மிகுதியின் அளவை உள்ளவாறு காணல் வேண்டும். முதற் பரிசோதனையில் நாற்பது மாணவர்க்குச் சிற்றின்பக் காட்சிகள் பன்னிரண்டும், எஞ்சிய அறுபதின்மர்க்குப் பதினெட்டும் காட்டப்பட்டன. அஃதாவது மொத்தம் 1,560 ஊகங்கள். பாதி 780. நூற்றுக்கு 53.1 எனின் ஏறக்குறைய 828 சரியாயின. மிகுதி 48. நூறு மாணவர்க்கிடையே நாற்பத்தெட்டு ஊகங்கள். இருவர்க்கு ஒன்று என்னும் அளவுகூட இல்லை. காலத்தின் ஓட்டத்தையே மறுதலைப்படுத்தும் கோட்பாடு இந்நாற்பத்தெட்டு ஊகங்களின்மீது நிற்கின்றது. சிறிதென்பதனால் ஒன்று பொய்யாகிவிடாது. ஆயின் சிறிய மிகுதியைத் தாங்கும் கணக்கு மிகத் தூயதாயிருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, அக்கணக்கின் தூய்மை. நாற்பதின்மர்க்கு ஒருவகைப் படத்தொகுதியும் அறுபதின்மர்க்கு வேறுவகைத் தொகுதியும் காட்டப்பட்டமை மேலே கூறப்பட்டது. சிற்றின்பக் காட்சி, அச்சந்தரும் காட்சி, நடுநிலைக் காட்சி, இனிய காட்சி எனப் படங்கள் பலவகை. ஆடவர், பெண்டிர், மனக்கிளர்ச்சியை நாடும் இயல்பினர், அவ்வியல்பற்றோர் எனப் பங்குகொண்டோரும் பலவகைப்பட நோக்கப்பட்டனர். இத்துணை வாயில்கள் உள்ள வீட்டில் ஏதேனுமொரு வாயிலால் தற்செயல் உட்புகுதல் அரிதன்று. உளவியலார் கொள்ளும் அளவுகோல், தற்செயலால் இருபதில் ஒருமுறைக்கு மேல் நேராதது எதுவோ அதனை வெற்றியெனக் கொள்வது. ஒரே தரவை ஒரேயொரு வினா கேட்டால் இவ்வளவுகோல் பொருத்தமானது. ஒன்றையொன்று சாராத இருபது வினாக்களைக் கேட்டால், உண்மையில் ஒன்றுமில்லாவிடினும், ஒன்றேனும் வெற்றியாகத் தோன்றுதற்கு நூற்றுக்கு 64 வாய்ப்பு உண்டு. காக்கை ஏறப் பனம்பழம் வீழ்தல் ஒரு பனையில் அரிது. தோப்பு முழுவதையும் பார்த்திருப்பார்க்கு அரிதன்று.

சிற்றின்பக் காட்சி பற்றியதே தம் முதன்மைக் கருதுகோள் என ஆய்வுரை கூறுகின்றது. அவ்வாறே ஆகுக. எனினும் அக்கருதுகோள் தரவைக் காணுமுன் வரையறுக்கப்பட்டதா, கண்டபின் முன்னணிக்கு வந்ததா என்பதைப் படிப்பார் அறிதற்கு வழியில்லை. முன்கூட்டி எழுதிப் பிறர் கையில் ஒப்படைக்கப்பட்ட திட்டம் எதுவும் இல்லை. இதனால் பெம் வஞ்சித்தார் எனக் கூறுதல் அடாது. அக்காலத்து உளவியலில் எவரும் அவ்வாறு ஒப்படைக்கும் வழக்கம் பெரிதும் இல்லை. ஆயின் 1987இல் இளம் ஆய்வாளர்க்கென்று ஆய்வுரை எழுதும் முறைபற்றிப் பெம் எழுதிய கட்டுரையை ஈண்டு நினைவுகூர்தல் தகும். ஆய்வைத் தொடங்குகையில் எண்ணியிருந்த உரை ஒன்று, முடிவுகளைக் கண்டபின் பொருத்தமாகத் தோன்றும் உரை மற்றொன்று. இரண்டனுள் பின்னதையே எழுதுக என்பது அதன் கருத்து. தரவைப் பல கோணங்களிலும் நோக்கிச் சுவையானதைத் தேடுக எனவும் அது அறிவுறுத்தியது. புதியன காண்பதற்கு இது நல்வழியே. கண்டதை நிறுவுவதற்கு இது வழியன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதே குறை.

ஈண்டு ஒரு முரண் தோன்றுகின்றது. பின்னர் நிகழ்வது முன்னர் நிகழ்ந்ததை மாற்றும் என்பது பெம்மின் முடிபு. உள்ளபடியே அவ்வாறானதொன்று நிகழ்ந்திருக்கக்கூடும். ஆயின் அது மாணவர் உள்ளத்திலன்று, ஆய்வின் நடைமுறையிலேயாம். பின்னர் வந்த விடை, முன்னர் அமைந்திருக்கவேண்டிய வினாவைத் திருத்தியமைக்கும் வாய்ப்பை அந்நடைமுறை திறந்து விட்டிருந்தது. விடையைக் கண்டபின் வினாத்தாள் தயாரிக்கப்படுமாயின் எம்மாணவனும் சித்தியெய்துவான். அம்பு தைத்தவிடத்தைச் சுற்றி வட்டம் வரைபவன் வில்லாளன் ஆகான்.

மூன்றாவதாக, கோட்பாட்டின் விளைவுகளை ஆராய்தல் வேண்டும். ஒரு கொள்கை மெய்யாயின் அதனாற் பெறப்படுவனவும் மெய்யாதல் வேண்டும். பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785இல் நிறுவிய கணிதத் தேற்றமொன்று இங்குப் பயன்படும். ஒவ்வொருவரும் பாதியினும் சற்றே மிகையாகச் சரியாகத் தீர்மானிப்பவராயின், அவர்கள் ஒருவரையொருவர் சாராது தீர்மானித்தால், பெரும்பான்மையோர் முடிவு, தொகை பெருகப் பெருகச் சரியாகும் என்பது அது. ஒவ்வொருவரும் நூற்றுக்கு 53 முறை சரியாக முன்னறிவாராயின், 101 பேரின் பெரும்பான்மை முடிவு நூற்றுக்கு ஏறக்குறைய 73 முறையும், 1,001 பேரின் பெரும்பான்மை முடிவு நூற்றுக்கு ஏறக்குறைய 97 முறையும் சரியாதல் வேண்டும். ஒரு கல்லூரி மண்டபத்தில் ஆயிரத்தொருவரைக் கூட்டிக் கைதூக்கச் செய்தால், இனிச் சுண்டப்படும் காசு எப்பக்கம் விழும் என்பதை ஏறத்தாழ ஐயமின்றி அறிந்துவிடலாம்! சூதாட்ட மனைகள் உலகெங்கும் உள்ளன. சுழல்வட்டில் சிவப்பா கறுப்பா எனப் பணம் வைப்போர் கூட்டம் அங்கு ஓய்வதில்லை. ஒரு சுழியம் உள்ள வட்டில் 37 அறைகளில் 18 சிவப்பு. வைப்போர் வெல்லும் வீதம் நூற்றுக்கு 48.6 அளவே. மூன்று வீத முன்னறிவு இருந்திருப்பின் அம்மனைகள் என்றோ மூடப்பட்டிருக்கும். அவை கணித விதி வகுத்த தம் பங்கைப் பெற்றே வருகின்றன.

இதற்கு மறுப்பொன்று கூறப்படலாம். பணத்தின்மீது செல்லாத முன்னறிவு உடலுணர்ச்சியைத் தூண்டும் காட்சிகளின்மீது செல்லலாம் என்பர். கூடும். ஆயின், முன்னறிவு எங்கெங்கு அளக்க எளிதோ அங்கங்கு மறைந்து, எங்கு ஆய்வாளர் முதலிற் கண்டாரோ அங்கு மட்டும் நிற்குமெனின், அக்கொள்கையை எதனாலும் சோதித்தல் இயலாதாகும். ஆகவே வழக்கு முடிவுபெறுதற்கு வழி ஒன்றே: பெம் செய்ததையே மீண்டும் செய்து பார்த்தல்.

அவ்வாறு செய்து பார்த்தனர். ஸ்ரூவர்ட் றிச்சி, றிச்சர்ட் வைஸ்மன், கிறிஸ்தோபர் பிரெஞ்ச் ஆகிய மூவரும் ஒன்பதாவது பரிசோதனையைத் தத்தம் பல்கலைக்கழகங்களில் ஐம்பதின்மர் வீதம் கொண்டு மீளச்செய்தனர். மூன்றிலும் முன்னறிவு தோன்றவில்லை. பெம்மின் உரையை வெளியிட்ட சஞ்சிகை, மீள்பரிசோதனைகளைத் தான் வெளியிடுவதில்லை எனக் கூறி அவர்கள் உரையை மறுத்தது. 2012இல் வேறொரு சஞ்சிகையில் அது வெளிவந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் கலாக் என்பாரும் அவர்தம் துணைவரும் 3,289 பேரைக் கொண்டு ஏழு பரிசோதனைகள் செய்து, ஒன்றுமில்லை என்னும் முடிவை முன்மறுத்த அச்சஞ்சிகையிலேயே வெளியிட்டனர். புதுமையைக் கூறுவோர்க்குத் திறக்கும் கதவு, அதனைச் சரிபார்ப்போர்க்குத் தயங்கித் திறக்குமாயின் அங்கு உண்மை எவ்வாறு தங்கும்?

பெம்மும் சும்மா இருந்தாரல்லர். பதினான்கு நாடுகளிலுள்ள 33 ஆய்வுகூடங்களில் நடந்த 90 பரிசோதனைகளைத் தொகுத்து, அவை தம் கொள்கைக்குத் துணைநிற்கின்றன என அவரும் பிறரும் 2015இல் எழுதினர். தொகை பெரிதே. ஆயின் தொகுத்தல் தூய்மையாக்குதலன்று. முன்வரையறை செய்த ஆய்வும் செய்யாத ஆய்வும் ஒரே சாக்கில் இடப்படின், பதரும் நெல்லும் கலந்த நிறையே கிடைக்கும். நெல்லின் நிறை கிடைக்காது.

வழக்கின் இறுதித் தீர்ப்பென மதிக்கத்தக்கது 2023இல் வெளிவந்தது. அங்கேரி நாட்டுச் சோல்ரன் கெக்கெஸ் தலைமையில் நடந்த இவ்வாய்வின் சிறப்பு யாதெனின், முன்னறிவை நம்புவோரும் நம்பாதோரும் ஒருங்கிருந்து அதனை வகுத்தமையே. எத்தரவு கிடைப்பின் எம்முடிபு கொள்ளப்படும் என்பது முன்னரே எழுதிவைக்கப்பட்டது. ஊகங்கள் பதிவாகுந்தோறும் அப்பொழுதே எல்லோரும் காணுமாறு ஒப்படைக்கப்பட்டன. வெளியார் வந்து கணக்காய்வு செய்தனர். பத்து ஆய்வுகூடங்களில் 2,115 பேர் பங்குகொண்டனர். கணக்கிற் கொள்ளப்பட்ட ஊகங்கள் 37,836. பெம் கண்ட வீதம் மெய்யாயின், பாதிக்குமேல் 1,100க்கும் மேற்பட்ட ஊகங்கள் மிகுந்திருத்தல் வேண்டும். நேர்ந்ததோ நூற்றுக்கு 49.89. பாதியினும் ஏறக்குறைய நாற்பது குறைவு. பெம்முக்கு நாற்பத்தெட்டு மிகுந்தது. இருபத்துநான்கு மடங்கு பெரிய ஆய்வில் அம்மிகுதியும் எஞ்சவில்லை.

இதனால் முன்னறிவென்பது எங்கும் எவர்க்கும் இல்லையென நிறுவப்பட்டதா? இல்லை. இம்முறையில், இத்தகையோரிடத்து, பெம் கூறிய அளவில் அது இல்லையென்பதே பெறப்படுவது. இவ்வெல்லையைக் கீழைத்தேயத்தார் சிறப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும். காட்சியளவையை வகுக்குமிடத்துச் சைவசித்தாந்த நூல்கள் யோகக்காட்சியையும் ஒன்றாகக் கூறுகின்றன. அதற்கு மேனாட்டு விஞ்ஞானமே சான்று பகர்ந்துவிட்டது எனப் பெம்மின் உரையை எடுத்துக்காட்ட விரும்புவார் உளராகலாம். அது நம் நூல்களுக்குச் செய்யும் பெருமையன்று. யோகக்காட்சி, நெடிய தவத்தாலும் ஒழுக்கத்தாலும் புலனடக்கத்தாலும் எய்தப்படுவதென அந்நூல்கள் கூறுகின்றன. சிற்றின்பப் படத்தை நாடித் திரைச்சீலையைச் சுட்டும் மாணவர் கூட்டத்தின் நூற்றுக்கு மூன்று மிகுதி அதனோடு எவ்வாற்றானும் ஒப்பிடத்தக்கதன்று. பெம் வென்றிருப்பின் அந்நூல்களுக்கு ஊதியமில்லை, தோற்றமையால் இழப்புமில்லை. ஏதுப்போலியை ஏதுவெனக் கொள்ளாதே என்பதும் அவ்வளவை நூல்களே கற்பித்த பாடமாகும்.

பெம்மின் உரையால் நேர்ந்த உண்மையான பயன் வேறு. முன்னறிவை நிறுவ அவர் கையாண்டவை, உளவியலார் அன்றாடம் கையாளும் முறைகளே. அம்முறைகளால் நடவாதது நடந்ததெனக் காட்டல் கூடுமாயின், அவற்றால் நிறுவப்பட்ட ஏனைய முடிபுகளின் நிலை யாது? இவ்வினா அறிஞரை உறங்கவொட்டாது செய்தது. 2011இலேயே சிமன்ஸ், நெல்சன், சைமன்சோன் என்னும் மூவர், வழக்கமான முறைகளைத் தளர்வாகக் கையாண்டு, ஒரு பாட்டைக் கேட்ட மாணவர் ஒன்றரை ஆண்டு வயது குறைந்தனர் என்னும் பொய்ம்முடிபை வேண்டுமென்றே பெற்றுக்காட்டினர். 2015இல் பல நாட்டு அறிஞர் கூடி உளவியல் ஆய்வுகள் நூற்றை மீளச்செய்தபோது, முன்னர் நூற்றுக்கு 97 வெற்றியெனப்பட்டவிடத்து 36 மட்டுமே மீண்டும் வெற்றியாயின. பிள்ளைகளின் கற்றல் பற்றியும் நினைவு பற்றியும் ஊக்கம் பற்றியும் ஆசிரியர்க்கு அறிவுரை கூறுவது இவ்வுளவியலேயாதலின், இது பரிசோதனைச்சாலையோடு அமையும் செய்தியன்று. மெய்யென நம்பி வகுப்பறையிற் கையாளப்படும் ஒரு முறை, நாற்பத்தெட்டு ஊகங்கள் போன்றதொரு மிகுதியின்மீது நிற்பதாயின், அதன் இழப்பு மாணவரைச் சாரும்.

இதன்பின்னரே, வினாவை முதலில் எழுதிப் பதிவுசெய்து, பின்னர்த் தரவைத் திரட்டும் வழக்கம் உளவியலில் வேரூன்றத் தொடங்கிற்று. இவ்வழக்கம் அறிஞர்க்குப் புதிதாயினும் ஆசிரியர்க்குப் புதிதன்று. வினாத்தாளை முத்திரையிட்டு வைத்துப் பரீட்சை மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் உடைப்பது மாணவன்மீது கொண்ட ஐயத்தால் மட்டுமன்று; வினாவும் விடையும் ஒன்றையொன்று தீண்டாதிருத்தல் வேண்டும் என்பதனாலுமாம். பரீட்சகன் நேர்மையாளனாயினும் முத்திரை வேண்டும். ஏனெனில் நேர்மை ஒருவனை வஞ்சனையினின்று காக்கும், விருப்பத்தினின்று காவாது.

திறனாய்வு முறையில் தொகுத்துரைப்பின், பெம்மின் ஆய்வுரை தெளிவான நடையும் துணிவான நோக்கும் திறந்த உள்ளமும் வாய்ந்ததொரு நூல். தான் நிறுவ முயன்றதை நிறுவாத நூல். கூட்டம் வருவதை அறியும் என்று அது கூறியது. அறியவில்லை என்று பெருங்கூட்டமே 2023இல் விடை கூறிற்று. ஆயினும், தம் கருவிகளை உளவியலார் எத்துணைத் தளர்வாகப் பிடித்திருந்தனர் என்பதை அது வெளிப்படுத்தியது. எதிர்காலத்தை முன்னறிதல் கூடாதெனினும், எதிர்காலத்தில் வரவுள்ள விடைக்கு முன்னே நம் வினாவைத் திருத்தமாக எழுதிவைத்தல் கூடும். மாணவர்க்குக் கற்பிக்கத்தக்க முன்னறிவு அதுவே.